மாடி அறைக் கணினிக்கு இணையம்: வகுப்பு நேரத்தில் மட்டும் அறுந்த ஓர் இணைப்பு

பின்னணி

ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர் வீட்டிலிருந்தே இணைய வகுப்பு எடுக்கிறார். வார நாட்களில் மாலை ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை காலையிலும் ஒரு வகுப்பு. பதினொரு மாணவர்கள். வாடகை வீடு. ரூட்டர் கீழே ஹாலில் இருக்கிறது, மேசைக் கணினி மாடி அறையில். நடுவே ஒரு கான்கிரீட் தளம், ஒரு செங்கல் சுவர். கணினியில் வைஃபை கிடையாது. மதர்போர்டில் நெட்வொர்க் கேபிள் செருகும் ஒரு லேன் போர்ட் உண்டு, அதில் எதுவும் செருகப்படாமல் தூசி படிந்திருந்தது.

ஆரம்பத்தில் அவர் கைபேசியை யூஎஸ்பி கேபிளில் கோத்து, அதன் மொபைல் டேட்டாவைக் கணினிக்குக் கொடுத்து வகுப்பெடுத்தார். அது ஓரளவு ஓடியது. ஆனால் போன் சூடாகும், நடுவில் அழைப்பு வரும், மாதம் முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். அதனால், யூஎஸ்பியில் செருகினால் வைஃபை தரும், நகக்கண் அளவுள்ள ஒரு டாங்கிள் வாங்கிக் கணினியின் பின்பக்கம் செருகினார். அதே வாரத்தில் வகுப்புகளைப் பதிவு செய்துவைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினார். இந்தத் தகவல் எனக்குத் தெரியவந்தது ரொம்பப் பின்னால்தான்.

டாங்கிள் வந்த நாளிலிருந்தே தொல்லை. குரல் துண்டு துண்டாகப் போகும், படம் உறைந்துவிடும். "டீச்சர், நீங்க நின்னுட்டீங்க" என்று பிள்ளைகள் சொல்வது வாடிக்கையாகிவிட்டது. முதலில் டாங்கிள் சரியில்லை என்று அதே மாதிரியில் இன்னொன்று வாங்கினார். பிறகு வேகம் போதவில்லை என்று 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) திட்டத்தை 100 ஆக உயர்த்தினார். அப்புறம் இணைய நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். ஹாலில் நின்று தன் போனில் வேகச் சோதனை போட்டுப் பார்த்தார். 96 காட்டியது. "லைன் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான். லைனில் ஒரு கோளாறும் இல்லை.

நான் பிழைப்புக்கு இந்த வேலை செய்பவன் இல்லை. அலுவலகத்தில் நெட்வொர்க் பக்கம் கொஞ்சம் பழக்கம், அவ்வளவுதான். தெரிந்தவர் என்பதால் கூப்பிட்டார்.

முதல் நாள் பார்த்தவை

போனதும் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். "வகுப்பு எடுக்கும்போதுதான் தம்பி இப்படி. மத்த நேரத்துல வீடியோ கூட நிக்காம ஓடுது. மவுஸும் சில நேரம் சண்டித்தனம் பண்ணுது." மவுஸுக்குப் பேட்டரி மாற்றினேன், அந்த விஷயத்தை அத்தோடு மறந்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று கடைசியில் சொல்கிறேன்.

மாடிக் கணினியில் வேகச் சோதனை 28 எம்பிபிஎஸ் காட்டியது. கீழே 96 வந்ததைப் பார்க்க இது குறைவுதான். ஆனால் நல்ல தரத்தில் ஒரு வீடியோ அழைப்புக்கு நான்கு எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். ஆகவே வேகம் பிரச்சினை இல்லை என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. திட்டத்தை உயர்த்தியது வீண் செலவு.

வீடியோ அழைப்பைக் கெடுப்பது தொலைந்துபோகும் பாக்கெட்டுகளும் (தரவு சிறு துண்டுகளாகப் போகும், ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட்), ஒருமுறை 5 மில்லிசெகண்ட், அடுத்தமுறை 800 என்று ஊசலாடும் தாமதமும்தான். வேகச் சோதனை பல நொடிகளின் கணக்கைச் சேர்த்துச் சராசரி சொல்லும். அரை நொடி அறுந்து ஒட்டியது அதில் தெரியாது. அதனால் கணினியிலிருந்து ரூட்டரின் முகவரிக்கே நொடிக்கொன்றாகப் பிங் ஓடவிட்டேன். பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்திதான் பிங். வெளி இணையத்துக்கு இல்லை, ரூட்டருக்கு. அந்தப் பத்து மீட்டர் தூரத்தைத் தனியாகப் பார்த்தால்தான் கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரித்தறிய முடியும்.

ஐந்து நிமிடம், 300 பிங். ஐந்து தொலைந்தன, சராசரி 9 மில்லிசெகண்ட். அருமை என்று சொல்ல முடியாது, ஆனால் வகுப்பு நின்றுபோகும் அளவுக்கு மோசமும் இல்லை.

டாங்கிள் பயன்படுத்திய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் சிக்னல் அளவு -71 டிபிஎம். இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. பேச்சும் வீடியோவும் சீராகப் போக -67 அல்லது அதைவிட மேலான அளவு வேண்டும் என்பது வைஃபை அமைப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. மூன்று டெசிபல் இறங்கினால் சக்தி பாதியாகிவிடும். அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகள் 14 தெரிந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். இவருடைய ரூட்டரோ 3-ஆம் சேனலில் உட்கார்ந்து இரண்டு பக்கத்து இரைச்சலையும் வாங்கிக்கொண்டிருந்தது.

சரி, மாலையில் எல்லோரும் வீடு திரும்பி இணையத்தில் உட்காருகிறார்கள், நெரிசல், அதுதான் காரணம் என்று முடிவுகட்டினேன். சேனலை 11-க்கு மாற்றிவிட்டுக் கிளம்பினேன். இழப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. நம்பிக்கையாகவே இருந்தேன்.

சனிக்கிழமை காலை

என் விளக்கம் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணி வகுப்பிலும் அதே கதை. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் பாதிப்பேர் தூக்கத்தில் இருந்திருப்பார்கள். நெரிசல் என்ற காரணம் அங்கே செல்லாது.

அடுத்த வகுப்புக்கு நானே போய், அறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பு அவர் அலமாரியைத் திறந்து, உறையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, கணினியின் பின்பக்கம் கையை விட்டுத் தடவிச் செருகினார். வகுப்பு முடிந்ததும் கழற்றித் திரும்ப உறையில் போடுவது அவர் வழக்கம். அதனால்தான் முதல் நாள் அது என் கண்ணில் படவில்லை.

குனிந்து பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நீலநிற யூஎஸ்பி 3.0 போர்ட்கள். மேலே டாங்கிள், கீழே ஹார்ட் டிஸ்க்கின் கேபிள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. அந்த வேகத்தில் மின்குறி மாறும்போது எழும் வானொலி இரைச்சல் பரந்து விரிந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழும். இன்டெல் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையே இதைப் பற்றியதுதான். டாங்கிளின் ஆன்டெனா அந்த நகக்கண் அளவு பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது. கீழ்த்தளத்திலிருந்து தேய்ந்து வரும் -71 சிக்னலை, காதருகே கூச்சல் போடுபவன் பக்கத்தில் உட்கார்ந்து அது கேட்க வேண்டியிருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் சோதித்தோம். டிஸ்க் கழற்றியிருக்கும்போது 300 பிங்கில் தொலைந்தவை நான்கு. டிஸ்க்கைச் செருகி ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டதும் 300-இல் 61. சராசரி தாமதம் 200-ஐத் தாண்டியது. மறுபடி கழற்றினேன், அடங்கியது. மறுபடி செருகினேன், எகிறியது. ஆசிரியை திரையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப ரெண்டு டாங்கிளும் நல்லாதான் இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் டீச்சர் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

உடனடி நிவாரணம் எளிது. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு, டாங்கிளைக் கணினியின் முன்பக்கக் கறுப்புப் போர்ட்டில், அதாவது யூஎஸ்பி 2.0-வில், மாட்டி மேசை மேல் வைத்தோம். டிஸ்க் ஓடும்போதும் இழப்பு 300-க்கு ஐந்தாறு என்று நின்றது. அன்றிலிருந்து வகுப்பு தடையின்றி நடக்காவிட்டாலும் நடத்த முடிந்தது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நூற்றுக்கு இரண்டு பாக்கெட் தொலைவதும் பேச்சில் காதுக்குத் தெரியும். அவருக்கு இது பொழுதுபோக்கு இல்லை, வருமானம். நிரந்தரமாக என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தோம்.

கையில் இருந்த வழிகள்

நிபந்தனை இரண்டு. சுவரில் துளை போடக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். தினமும் எதையாவது கழற்றி மாட்டும் வேலை இருக்கக்கூடாது என்று ஆசிரியை சொன்னார்.

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்கும் இரட்டை அலைவரிசை டாங்கிள்தான் எல்லோரும் முதலில் சொல்வது. 5 கிகாஹெர்ட்ஸில் யூஎஸ்பி இரைச்சலும் பெரிதாக இல்லை, நெரிசலும் குறைவு. ஆனால் அலைவரிசை கூடக்கூடச் சுவரைத் துளைக்கும் திறன் குறையும். வாங்குவதற்கு முன் என் போனை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்து அவர் மேசை மேல் வைத்துப் பார்த்தேன். -84. படிக்கட்டுத் திருப்பத்தில் நல்ல சிக்னல், அறைக்குள் நுழைந்ததும் படுத்துவிட்டது. போன் ஒன்று கையில் இருந்தால் செலவில்லாமல் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். பலர் செய்யாமல் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குகிறார்கள். அந்த எண் எல்லா அலைவரிசைகளின் உச்சத்தையும் கூட்டிப் போட்டது.

கணினிக்குள் பொருத்தும் பிசிஐஇ வைஃபை கார்டு டாங்கிளைவிட நல்ல பொருள். பெரிய ஆன்டெனாக்கள் இருக்கும், ஒயர் வைத்த ஆன்டெனாவாக இருந்தால் மேசை மேல் தூக்கி வைக்கலாம். கணினியில் காலி ஸ்லாட்டும் இருந்தது. அதே அறையில், ரூட்டருக்கு அருகில் கணினி இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே காற்று வழியே வருவதே நலிந்த சிக்னல். காது பெரிதானால் கொஞ்சம் கூடக் கேட்கும், அவ்வளவுதான். (கார்டோ டாங்கிளோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கல் சில சமயம் வரும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கைபேசியை யூஎஸ்பியில் கோத்துக்கொண்டால் போதும்.)

வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வைப்பதானால் இடம்தான் எல்லாம். மாடி அறைக்குள்ளேயே வைத்தால் அது வாங்குவதும் அதே நலிந்த சிக்னல்தான். பாதி வழியில், அதாவது படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்க வேண்டும். அங்கே பிளக் பாயின்ட் இல்லை. ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் வாங்கித் திரும்ப அனுப்புவதால் வேகம் பாதியாகும் என்பது இன்னொன்று. 28-இல் பாதி போனாலும் வகுப்புக்குப் போதும்தான். பிளக் இல்லாததுதான் இதைத் தள்ளிவைத்த காரணம்.

மின்கம்பி வழியே தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் மேல் எனக்கு ஆசை இருந்தது. துளை வேண்டாம், கேபிள் வேண்டாம். நண்பரிடம் ஒரு ஜோடி இரவல் வாங்கி வந்தேன். பெட்டியில் 600 என்று போட்டிருந்தது. ஆனால் அதன் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகினோம். மின்னழுத்த எகிறலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் உள்ள பாக்ஸ்கள் அந்த உயர் அலைவரிசைக் குறியையே வடிகட்டிவிடும். 41 எம்பிபிஎஸ் வந்தது, பிங் 4 மில்லிசெகண்டில் நிலையாக நின்றது. கிட்டத்தட்ட முடிவெடுத்தேவிட்டேன். அப்போது கீழே யாரோ மிக்சியைப் போட்டார்கள். 41 சரசரவென்று 9-க்கு விழுந்தது, சில பிங் தொலைந்தன. கார்பன் பிரஷ் உள்ள மோட்டார்கள் மின்கம்பியில் இப்படித்தான் பொறியிரைச்சல் கொட்டும். வகுப்பு மாலை நேரம். வீட்டில் அந்த நேரத்தில் மிக்சி ஓடக்கூடாது என்று யார் சொல்வது?

மொபைல் டேட்டாவைச் சிம் போட்ட ரூட்டர் மூலம் தருவதும் ஒரு வழி. பழைய அனுபவமே அதற்கு எதிராக இருந்தது. மாற்று ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொண்டோம்.

மிச்சம் இருந்தது அந்தத் தூசி படிந்த லேன் போர்ட்.

கேபிள் இழுத்தது

ஒரு நூலை எடுத்து ரூட்டரிலிருந்து படிக்கட்டின் ஓரமாக மாடி மேசை வரை பிடித்து அளந்தோம். 19 மீட்டர். சாதாரண லேன் கேபிளில் ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கான எல்லை 100 மீட்டர். தூரத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

துளை போடாமல் எப்படி? ஒட்டும் பட்டை உள்ள பிளாஸ்டிக் சேனலைச் சுவரடிப் பலகையின் மேல் ஒட்டி, அதற்குள் கேபிளைப் படுக்க வைப்பது. கதவுகளில் அடிப்பக்க இடைவெளி போதுமானதாக இருந்தது. கதவுக்கடியில் தட்டைக் கேபிள் போடலாமே என்று ஆசிரியை கேட்டார். பார்க்க அழகுதான். ஆனால் அதில் உள்ளே ஓடும் கம்பிகள் மெலிந்தவை, அவற்றை இரண்டிரண்டாக முறுக்கியிருப்பதும் சரியாக இருக்காது. மிதிபடும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனமில்லை. கேட் 6 என்ற தரத்து உருண்டை லேன் கேபிள்தான் என்று சொல்லிவிட்டேன்.

வாங்கும்போது ஒன்று கவனித்தேன். முதலில் காட்டிய சுருள் கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. ஒரு கம்பியின் தோலை உரித்துக் கத்தி நுனியால் சுரண்டினேன். செம்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. மின்தடை அதிகம், இரண்டு முறை மடக்கினால் உடையும். அதை வைத்துவிட்டு முழுச் செம்புக் கேபிள் 25 மீட்டர் எடுத்தோம்.

சேனல் ஒட்ட அரை நாள் ஆனது. இரு முனையிலும் லேன் போர்ட்டில் செருகும் ஆர்ஜே45 கிளிப் போட்டேன். உள்ளே எட்டுக் கம்பிகளின் வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு பக்கமும் ஒரே வரிசை. செருகியதும் இணையம் வந்தது. வேகச் சோதனை 94. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

எனக்கு அந்த 94 உறுத்தியது. 100 எம்பிபிஎஸ் லேன் இணைப்பில், ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் தகவல் போக அதிகபட்சம் கிடைப்பது ஏறக்குறைய 94-தான். 100 திட்டத்தில் அந்த எண் வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கணினியின் நெட்வொர்க் நிலையைத் திறந்து பார்த்தேன். இணைப்பு வேகம் 100 என்று இருந்தது, 1000 இல்லை. ரூட்டரும் கணினியும் கிகாபிட் தெரிந்தவைதான். ஆக, நடுவில் என் கைவண்ணம்.

100 எம்பிபிஎஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பல லேன் சில்லுகள் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும். மாடி முனைக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழாவதான பழுப்பு-வெள்ளை, மற்றவற்றைவிட ஒரு மயிரிழை குட்டையாக நின்றது. தங்கமுலாம் பூசிய பல் அதைத் தொடவேயில்லை. கிளிப்பை வெட்டிப் புதிதாகப் போட்டதும் 1000 வந்தது.

திட்டமே 100-தானே, விட்டுவிடலாமே என்று கேட்கலாம். இன்று ஏழாவது கம்பி தொடவில்லை என்றால் அன்று போட்ட மற்ற ஏழையும் நான் எப்படி நம்புவது? வகுப்பு நடுவே அறுந்தால் அப்போது கிளிப் போட முடியாது.

அதன் பின்

அன்று மாலை வகுப்பு முழுக்க டிஸ்க்கில் பதிவு ஓடிக்கொண்டிருக்க, பிங்கும் பின்னால் ஓடியது. தொண்ணூறு நிமிடம், 5,400 பிங். ஒன்றுகூடத் தொலையவில்லை. பெரும்பாலும் ஒரு மில்லிசெகண்டுக்குள், அதிகபட்சம் 3.

மூன்று மாதத்தில் இரண்டு முறை தடங்கல். ஒருமுறை, மேசைக்கடியில் கால் பட்டுக் கிளிப்பின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, கேபிள் போர்ட்டில் தளர்ந்து நின்றது. நீளக் கேபிளை நேராகக் கணினியில் செருகியது என் பிழை. சுவரோரம் சேனலின் முடிவில் லேன் போர்ட் உள்ள சிறு பெட்டியான ஓர் ஐஓ பாக்ஸ் ஒட்டி, அங்கிருந்து கணினிக்குப் பேட்ச் கார்டு எனப்படும் சின்னக் கேபிள் போட்டேன். இனி உடைந்தால் அந்தச் சின்னதை மட்டும் மாற்றினால் போதும். சேனலுக்குள் ஓடும் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் இழைகளற்ற ஒற்றைத் தடித்த கம்பி, அடிக்கடி அசைத்தால் முறியும். பேட்ச் கார்டில் மெல்லிய இழைகள், அசைவதற்கென்றே செய்தது. இன்னொரு முறை வெளியே லைனே அறுந்தது. ஆசிரியை கைபேசியை யூஎஸ்பியில் கோத்து இரண்டு நிமிடத்தில் வகுப்பைத் தொடர்ந்தார். திட்டத்தைப் பழையபடி 40-க்கு இறக்கிவிட்டார்.

மறுபடி செய்தால்

முதல் நாளே வகுப்பு நேரத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். கோளாறு எப்போது வருகிறது என்று அவர் தெளிவாகச் சொன்ன பிறகும் அது வராத நேரத்தில் அளந்து காரணம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். இணைய நிறுவன ஊழியர் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நீளக் கேபிளை இரவல் வாங்கிப் படிக்கட்டில் அப்படியே கிடத்தி ஒரு வகுப்பு நடத்திப் பார்த்திருப்பேன். ஒரு மாலையில் விடை தெரிந்திருக்கும். பவர்லைனுக்கு இரண்டு நாள் அலைந்திருக்க வேண்டாம்.

அப்புறம் அந்த மவுஸ். கேபிள் போட்டு ஒரு வாரம் கழித்து ஆசிரியை போன் செய்தார். "இன்டர்நெட் நல்லா வருது தம்பி. ஆனா வகுப்பு எடுக்கும்போது மவுஸ் மட்டும் அப்பப்ப திணறுது. புதுப் பேட்டரிதானே?" கம்பியில்லா மவுஸ். அதன் ரிசீவரும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது. டாங்கிள் காலி செய்த நீல போர்ட்டில், ஹார்ட் டிஸ்க்குக்கு நேர் மேலே, நானேதான் அதை மாற்றிச் செருகியிருந்தேன். அதற்கு முன்பும் அது பின்பக்கத்தில், அடுத்த போர்ட்டிலேயே இருந்திருக்கிறது. முன்பக்கக் கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றச் சொன்னேன். போனில் இருந்தபடியே மாற்றிவிட்டு, டிஸ்க்கையும் செருகிப் பார்த்து, "சரியாயிடுச்சு" என்றார்.